கற்றல் பாணியும் கல்லூரி மதிப்பெண்ணும்: எமது ஆசிரியர் அமைப்பின் நிலைப்பாடு

கல்லூரி மாணவர்களைப் ‘பார்த்துக் கற்பவர்’, ‘கேட்டுக் கற்பவர்’, ‘செய்து கற்பவர்’ என்று வினாநிரல் கொடுத்துப் பிரிப்பதையும், அந்தப் பிரிவுக்கு ஏற்பப் பாடம் நடத்தினால் தேர்ச்சி உயரும் என்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதையும் கல்லூரிகள் கைவிட வேண்டும் என்பது எமது நிலைப்பாடு. மாணவர்கள் எல்லோரும் ஒன்றுபோலவே படிக்கிறார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அறுபது பேர் அமர்ந்திருக்கும் முதலாமாண்டு வகுப்பில் அறுபது பின்னணிகள் இருப்பதை நாள்தோறும் பார்க்கிறவர்கள் நாங்கள். அந்த வேறுபாடுகளின்மேல் அக்கறை இருப்பதால்தான், அவற்றைத் தவறான இடத்தில் தேடும் இந்தப் பழக்கம் எங்களுக்குக் கவலை தருகிறது. புதிய மாணவர்களுக்கான அறிமுக வாரத்திலும், ஆசிரியர் பயிலரங்குகளிலும், தர மதிப்பீட்டுக்காகத் தயாராகும் கோப்புகளிலும் கற்றல் பாணி என்பது நிறுவப்பட்ட உண்மைபோல் இடம்பிடித்துவிட்டது. அது நிறுவப்படவில்லை.

இவ்வகை வினாநிரல்களில் பரவலாகப் புழங்குவது ‘வார்க்’. நியூசிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நீல் ஃபிளெமிங் உருவாக்கியது. 1992-இல் வெளிவந்த கட்டுரை ஒன்றின் வழியே பரவலாக அறியப்பட்டது. இன்று 16 கேள்விகள் கொண்ட வடிவில் கிடைக்கிறது. அதன் முந்தைய வடிவில் இருந்த ஒரு கேள்வியைப் பார்ப்போம்: ரயில் நிலையத்துக்குப் போக ஒருவர் வழி கேட்கிறார். நீங்கள் கூடவே போய்க் காட்டுவீர்களா, வாயால் சொல்வீர்களா, எழுதிக் கொடுப்பீர்களா, வரைந்து காட்டுவீர்களா? இதற்கு ஒரு மாணவி தரும் பதில் அவளுக்கு எது பிடிக்கும் என்பதைச் சொல்லும். ஆனால், கரிம வேதியியலில் ஒரு வினை எந்தெந்தப் படிகளில் நடக்கிறது என்பதை அவள் எப்படிப் புரிந்துகொள்வாள் என்பதைச் சொல்லாது. அந்த வினையில் எலக்ட்ரான்கள் நகர்வதை அம்புக்குறி போட்டு வரைந்தாக வேண்டும். ‘கேட்டுக் கற்பவர்’ என்று பெயர் வாங்கிய மாணவரும் வரையத்தான் வேண்டும். ஆங்கில உச்சரிப்பைக் காதால் கேட்காமல் யாரும் கற்க முடியாது. தரம்பார்த்தலில் பியூரெட்டின் குழாயைத் திருகித் துளித்துளியாக விட்டு, நிறம் மாறும் கணத்தில் நிறுத்தும் பக்குவம் கைக்குத்தான் வர வேண்டும். எந்தப் புலன் வழியே கற்பது என்பதைப் பெரும்பாலும் பாடப்பொருளே தீர்மானிக்கிறது.

கற்றல் பாணிக் கொள்கை உண்மையானால் அதை எப்படிச் சோதிக்கலாம் என்பதை உளவியலாளர் ஹெரால்ட் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் 2008-ஆம் ஆண்டு ஆய்வுரையில் தெளிவாக வகுத்தார்கள். முதலில் மாணவர்களைப் பாணிப்படி பிரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பிரிவையும் குலுக்கல் முறையில் இரண்டாக்கி, பாதிப் பேருக்கு அவர்கள் பாணியிலும் மீதிப் பேருக்கு வேறு பாணியிலும் ஒரே பாடத்தை நடத்த வேண்டும். கடைசியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு. பார்த்துக் கற்பவர்களுக்குப் படமும் கேட்டுக் கற்பவர்களுக்குப் பேச்சும் கூடுதல் மதிப்பெண் தந்தால்தான் கொள்கை நிற்கும். இந்த அளவுகோலுக்கு உட்பட்ட ஆய்வுகள் மிகச் சிலவே என்றும், அவற்றிலும் பல கொள்கைக்கு எதிராகவே முடிந்தன என்றும் அவர்கள் கண்டார்கள். அதற்கு முன்பே, 2004-இல் பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்டும் குழுவினரும் 71 கற்றல் பாணி மாதிரிகளை அடையாளம் கண்டு, 13-ஐ விரிவாக ஆராய்ந்து, பலவற்றின் அளவீடே நம்பத்தக்கதாக இல்லை என்று எழுதினார்கள். ஒரு மாணவரை 71 விதமாகப் பிரிக்க முடியும் என்றால், எந்தப் பிரிவை நம்பி ஆசிரியர் பாடத்தைத் திட்டமிடுவது?

கல்லூரி மாணவர்களிடமே நடந்த சோதனையும் உண்டு. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் படித்த நூற்றுக்கணக்கான இளநிலை மாணவர்கள் ‘வார்க்’ வினாநிரலை நிரப்பினார்கள்; அதன்படி எப்படிப் படிக்கலாம் என்ற ஆலோசனையும் பெற்றார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி, பெரும்பாலோர் தங்கள் பாணிப்படி படிக்கவே இல்லை. படித்தவர்களும் மற்றவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் பெறவில்லை.

நம் ஊர் எம்.எட்., எம்.ஃபில். ஆய்வேடுகளில் ‘கற்றல் பாணிக்கும் கல்வி அடைவுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு உள்ளது’ என்ற முடிவைக் காண்கிறோமே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த ஆய்வுகளில் வழக்கமாக நடப்பது இதுதான்: சில கல்லூரிகளில் வினாநிரல் நிரப்பி வாங்குவார்கள், பருவத்தேர்வு மதிப்பெண்ணோடு ஒட்டுறவுக் கெழு கணக்கிடுவார்கள். புத்தகம் படித்துக் கற்பதே பிடிக்கும் என்று எழுதிய மாணவர் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தால், நம் தேர்வுகள் எழுத்துத் தேர்வுகள் என்பதும், அவர் பள்ளியிலிருந்தே வாசிப்புப் பழக்கத்தோடு வந்தவர் என்பதும் காரணமாக இருக்கக்கூடும். யாருக்கும் பாணிக்கேற்பப் பாடம் நடத்தி ஒப்பிட்டுப் பார்க்காத ஆய்வு, பாணிக்கேற்பப் பாடம் நடத்தலாமா என்ற கேள்விக்குப் பதிலாகாது. அந்த ஆய்வாளர்களின் உழைப்பை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த உழைப்பு சோதனை வடிவிலான ஆய்வுகளுக்குத் திரும்ப வேண்டும், நெறியாளர்கள் அதற்கு வழிகாட்ட வேண்டும் என்கிறோம்.

எங்கள் நிலைப்பாட்டுக்கு எதிராக வைக்கத்தக்க வலுவான சான்று, 2024-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு. பாணியோடு பொருந்திய கற்பித்தலுக்குச் சிறிய பலன் தெரிகிறது என்று அது சொல்கிறது. ஆனால் பாஷ்லர் கேட்ட அந்தக் குறுக்கு விளைவு, அதாவது இரு பிரிவினருக்கும் அவரவர் பாணியே நன்மை செய்வது, ஏறத்தாழ கால்வாசி அளவீடுகளில் மட்டுமே காணப்பட்டது. பல ஆய்வுகளின் தரமும் குறைவு என்று அதன் ஆசிரியர்களே குறிப்பிட்டு, செலவையும் உழைப்பையும் பார்த்தால் இதைப் பரிந்துரைக்க முடியாது என்றே முடிக்கிறார்கள். நாளை வலுவான சான்று வந்தால் நாங்கள் மறுபரிசீலனை செய்வோம்.

இவ்வளவு பேர் நம்புகிறார்களே என்பதும் ஒரு வாதம். பிரிட்டன் ஆசிரியர்களில் 93 விழுக்காட்டினரும் நெதர்லாந்தில் 96 விழுக்காட்டினரும் இதை நம்புவதாக 2012-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஒன்று காட்டியது. அந்த நம்பிக்கை நல்லெண்ணத்தில் பிறந்தது. பின்தங்கும் மாணவரைக் கைவிடக் கூடாது என்ற எண்ணமே அதன் வேர். ஆனால் ‘நம்பினால் என்ன நஷ்டம்?’ என்ற கேள்வியை எங்களால் ஏற்க முடியவில்லை. ‘எனக்குக் கேட்டால்தான் ஏறும்’ என்று நம்பும் மாணவர் காணொளியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், நன்றாகப் புரிந்துவிட்டது என்று நிறைவடைகிறார், எழுதிப் பார்ப்பதில்லை. பாணிக்கும் ‘எனக்குத் தெரிந்துவிட்டது’ என்ற உணர்வுக்கும் தொடர்பு உண்டு, உண்மையில் நினைவில் நிற்பதோடு தொடர்பில்லை என்று 2017-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பத்தொன்பது வயதில் ஒட்டப்படும் முத்திரை ஒரு சாக்காக மாறிவிடும் ஆபத்து இருக்கிறது.

மதிப்பெண்ணை உண்மையில் உயர்த்துவது எது என்பதற்குச் சான்று குறைவில்லை. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் கல்லூரி மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை இரண்டு முறை படித்தது. மற்றக் குழு ஒருமுறை படித்து, பிறகு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு 42 விழுக்காடுதான் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. நம் மாணவர்கள் தேர்வுக்கு முந்தின இரவில் கைடைத் திருப்பித் திருப்பிப் படித்து அடையும் நம்பிக்கை, அந்த ஐந்து நிமிட நம்பிக்கைதான். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான கட்டுரை, வெறும் விரிவுரை வகுப்புகளில் சராசரியாக 33.8 விழுக்காட்டினர் தோற்றதாகவும், மாணவர்களைச் செய்ய வைத்த, விவாதிக்க வைத்த வகுப்புகளில் அது 21.8 ஆக இருந்ததாகவும் சொல்கிறது. இதற்கு யாரையும் பிரிக்க வேண்டியதில்லை.

எனவே வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில், சென்ற வாரப் பாடத்திலிருந்து இரண்டு கேள்விகளை, நோட்டை மூடிவைத்து, அரைத்தாளில் எழுத வைப்பதைக் கல்லூரிகள் வழக்கமாக்க வேண்டும். அதற்கு மதிப்பெண் வேண்டாம். பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து திருத்திக்கொண்டால் போதும். அகமதிப்பீட்டை இரண்டு பெரிய தேர்வுகளில் குவிக்காமல் பருவம் முழுக்கச் சிறு சோதனைகளாகப் பரப்பப் பல்கலைக்கழகங்கள் இடம் தர வேண்டும். கேள்வித்தாளும் மாற வேண்டும். மாணவர்கள் ஆழ்ந்து படிப்பதும் மேலோட்டமாகப் படிப்பதும் எதிர்பார்க்கும் கேள்வியைப் பொறுத்தும் மாறுகிறது என்பதை ஸ்வீடன் கல்வி ஆய்வாளர்கள் மார்ட்டனும் செல்யோவும் 1976-லேயே காட்டினார்கள். ஐந்தாண்டு வினாத்தாளை மனப்பாடம் செய்தால் தேறிவிடலாம் என்ற நிலை இருக்கும்வரை எந்தக் கற்பித்தல் முறையும் பாதியில் நிற்கும்.

கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் ‘நாக்’ மாணவர்களின் கற்றல் நிலையை அறிந்து, மெல்லக் கற்போருக்கும் மீத்திறன் மாணவர்க்கும் தனித் திட்டம் வகுக்கச் சொல்லிவந்திருக்கிறது. அது கேட்டது கற்றல் நிலையை, பாணியை அல்ல. பிளஸ் டூ வரை தமிழ்வழியில் இயற்பியல் படித்துவிட்டு ஆங்கிலப் பாடநூலின் முன் அமரும் மாணவிக்கு, அவள் முன்பே அறிந்தது எது, எந்தச் சொல்லில் தடுமாறுகிறாள் என்று கண்டறியும் ஒரு மணிநேரச் சோதனை வேண்டும். இருமொழிக் கலைச்சொல் பட்டியலும் இணைப்புப் பாடமும் வேண்டும். பாணி வினாநிரலுக்கு ஒதுக்கும் நேரமும் பணமும் இதற்குப் போகட்டும்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பார்வையற்ற மாணவருக்குப் பிரெய்லும் திரைவாசிப்பானும், செவித்திறன் குறைந்தவருக்குச் சைகைமொழி பெயர்ப்பாளரும், வாசிப்புக் குறைபாடு உள்ளவருக்குக் கூடுதல் நேரமும் தருவது கற்றல் பாணி சார்ந்த சலுகை அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன்படி அவர்களுக்குச் சேர வேண்டிய உரிமை. எங்கள் நிலைப்பாட்டைக் காட்டி எந்தக் கல்லூரியும் அந்த வசதிகளில் ஒன்றைக்கூடக் குறைப்பதை நாங்கள் எதிர்ப்போம்.