வேகம் மட்டும் போதுமா?

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வாங்கும்போது நாம் முதலில் கேட்பது, "வேகம் எவ்வளவு?" என்பதே. அது சரியான கேள்வியன்று என்பது எங்கள் எண்ணம்.

மாதம் 399 ரூபாய் என்ற விளம்பரத்தை நம்பி எங்கள் அப்பா கையெழுத்திட்டார். பில் வந்தபோது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 470 ரூபாய் 82 காசு! அந்த அதிகப்படி 71 ரூபாயில் அம்மா ஒரு நாள் காய்கறி வாங்கிவிடுவார்கள். 100 மெகாபிட் வேண்டுமென்று அடம்பிடித்த நாங்கள் மூன்று பிள்ளைகளும் அன்று வாய் திறக்கவில்லை.

எங்களுடையது 30 மெகாபிட். அது 30 மெகாபைட் அன்று. எட்டால் வகுத்தால் நொடிக்கு நான்குகூட இல்லை. ஆயினும் நாங்கள் பாடம் கேட்கவும் அப்பா செய்தி பார்க்கவும் அதுவே தாராளம்.

மழையில் கேபிள் அறுந்து ஒன்பது நாள் கிடந்ததுதான் துன்பம். அரையாண்டுத் தேர்வு நேரம் வேறு! தொலைபேசியில் பதிவுக் குரல் மட்டுமே பதில் சொன்னது. ஆகவே பெற்றோரே, பணம் கட்டுமுன், பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருகிறார் என்று அண்டை வீட்டாரிடம் விசாரியுங்கள். மாதம் 50 ரூபாய் கூடினாலும், கூப்பிட்டால் மறுநாள் ஆள் வரும் இணைப்பையே அடுத்த முறை எடுக்கும்படி அப்பாவிடம் சொல்லியிருக்கிறோம்.