உலைக்களத்தில் பிறந்த பெயர்

மக்கள் வாய்ச்சொல் தாழ்ந்ததென்றும், அயன்மொழிச் சொல்லே உயர்ந்ததென்றும் பிதற்றுவோர், ஆங்கிலேயரின் 'சுமித்து' என்னும் குடிப்பெயர் வரலாற்றை ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தனரா?

சுமித்து என்பது பழைய ஆங்கிலச் சொல். கொல்லன் என்பது அதன் பொருள். கொழுவும் அரிவாளும் வாளும் அடித்துக் கொடுத்தவன் அவன். ஊர்தோறும் உலைக்களம் வேண்டியிருந்தது. எனவே ஊர்தோறும் ஒரு சுமித்து இருந்தான்.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அரண்மனையில் பிரெஞ்சு ஏறியது; அரசேட்டில் இலத்தீன் அமர்ந்தது. 1086-இல் வில்லியம் வேந்தன் எடுப்பித்த நிலக்கணக்கில் கொல்லன் 'பேபர்' ஆனான். பின்னும் பல நூற்றாண்டுகள் எழுத்தர் அவனை அவ்வாறே பொறித்தனர். குடிப்பெயர்கள் வழிவழியாக வேரூன்றியதும் அந்நூற்றாண்டுகளிலேதான்! ஏட்டெழுத்தே வென்றிருப்பின், இன்று இங்கிலாந்தெங்கும் பேபர்களே நிறைந்திருத்தல் வேண்டும். நடந்தது என்ன? எழுத்தன் பேபர் என்று எழுதினான். ஊரார் சுமித்து என்றே அழைத்தனர். ஊரார் வாயே வென்றது!

1733-இல் முறைமன்ற ஏடுகளினின்றும் இலத்தீன் வெளியேற்றப்பட்டது. சுமித்தோ, இங்கிலாந்தில் மிகப் பலர் தாங்கும் குடிப்பெயராக இன்றும் நிற்கின்றது. 1776-இல் வெளிவந்த பொருளியல் நூலால் உலகறிந்த காட்லாந்து அறிஞர் ஆடம் சுமித்து தாங்கியதும் அக்கொல்லன் பெயரே. அதற்கு நாணி, எழுத்தையும் ஒலிப்பையும் திரித்துச் 'சுமைது' என உயர்குடிக் கோலம் புனைந்தோர் அங்கும் உண்டு. அவர் மிகச் சிலர், சுமித்துகளோ பல்லாயிரவர்!

உலைக்களத்துச் சொல்லைத் தாங்குவதில் இழிவில்லை. அதனை மறைப்பதே இழிவு. அரசேட்டில் ஏறியதனால் அயற்சொல் நிலைப்பதில்லை. ஊர் வாயில் வழங்கும் வரை தாய்ச்சொல் சாவதில்லை. வழங்குக, வாழும்!