கார்ப்பரேட்டருக்கு யாரும் சொல்லலையே!

உங்க வீட்டுல 2020-க்கு முன்னாடி வாங்கின வண்டி ஏதாவது இருக்கா? ஸ்ப்ளெண்டரோ, டிவிஎஸ் எக்ஸ்எல்லோ, அப்பா காலத்து புல்லட்டோ, எதுவா இருந்தாலும் சரி. கொஞ்ச நாளா காலையில ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்குதா? ஆக்ஸிலரேட்டரை விட்டதும் சைலன்ஸர்ல பட் பட்னு வெடிக்குதா? சிக்னல்ல நின்னா ஆஃப் ஆயிடுதா? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். மத்தவங்களும் படிக்கலாம், காசா பணமா.

திருமயம் பக்கம் எங்க பெரியப்பாகிட்ட 1991 மாடல் புல்லட் 350 ஒன்னு இருக்கு. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். திருவொற்றியூர்ல செஞ்ச வண்டி. போன செமஸ்டர் லீவுல மேலே சொன்ன மூணு வியாதியும் அதுக்கு வந்திருந்தது. "நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியேப்பா, என்னன்னு பாரு"ன்னார். ஐ.சி. இன்ஜின் பேப்பர் நான் முதல் அட்டெம்ப்ட்ல பாஸ் பண்ணினவன். சிம்பிள் கார்ப்பரேட்டர் படம் போடச் சொன்னா கண்ணை மூடிட்டுப் போடுவேன். ஆனா வண்டி முன்னாடி குத்த வச்சு உட்கார்ந்தப்போ, அந்த மிக்கார்ப் கார்ப்பரேட்டர் பக்கவாட்டுல இருந்த ரெண்டு ஸ்க்ரூவுல எது ஏர் ஸ்க்ரூன்னு எனக்குத் தெரியலை. நம்ம லேப்ல இருக்கிறது கண்ணாடிப் பெட்டிக்குள்ள பாதியா அறுத்து வச்ச மாடல். அதுல ஸ்க்ரூவைத் திருப்ப முடியாது.

வண்டியைத் தள்ளாத குறையா புதுக்கோட்டைக்குக் கொண்டு வந்து, பெரியப்பா வழக்கமா விடுற மெக்கானிக் அண்ணன்கிட்ட நிறுத்தினேன். அவர் முதல்ல கார்ப்பரேட்டரைத் தொடவே இல்லை. பாயின்ட்டைக் கழட்டித் தேய்ச்சு கேப் வச்சார். டேப்பெட் பார்த்தார். ஏர் ஃபில்டரை எடுத்துத் தட்டினதுல ஒரு கைப்பிடி செம்மண் கொட்டியது. "காப்பரேட்டர் கம்ப்ளைன்ட்னு வர்ற வண்டியில பாதிக்கு காப்பரேட்டர் கம்ப்ளைன்ட்டே கிடையாது தம்பி"ன்னார். இந்த வரி எந்த டெக்ஸ்ட்புக்லயும் நான் பார்த்ததில்லை.

அப்புறம்தான் டியூனிங். வண்டியைப் பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வரச் சொன்னார், இன்ஜின் நல்லா சூடாகணும். ஏர் ஸ்க்ரூவை மெதுவா கடைசி வரைக்கும் மூடி, ஒன்றரைச் சுற்று திறந்தார். ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏத்தி வச்சுட்டு, ஏர் ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றா உள்ளே திருப்பினார். சத்தம் கனமாகி இன்ஜின் தடுமாறியது. வெளியே திருப்பினா இன்ஜின் பறந்து பறந்து அடங்கியது. நடுவுல எங்கே வேகம் தானா ஏறி சத்தம் ஒழுங்கா வருதோ அங்கே நிறுத்திட்டு, ஸ்லோ ஸ்பீடைக் குறைத்தார். ரொம்பக் குறைக்கலை. (ரீல்ஸுக்காக 'டப்... டப்...'னு எண்ணுற மாதிரி ஐட்லிங் வைக்கிறவங்க கவனிக்க: அவ்வளவு மெதுவா ஓடினா ஆயில் பம்ப்பும் அவ்வளவு மெதுவாத்தான் தள்ளும்.) அவர் நிறுத்தின இடம் ஒரு சுற்று. முன்னாடியெல்லாம் இதே வண்டிக்கு ஒன்றரையாம். பிளக்கைக் கழட்டிக் காட்டினார். காபி நிறத்துல இருக்க வேண்டியது வெள்ளையா இருந்தது.

"பெட்ரோல் சரியில்ல. பங்க்காரன் என்னத்தையோ கலக்குறான்"ன்னார்.

கலக்குறது உண்மை. ஆனா பங்க்காரர் இல்லை. 2023 பிப்ரவரியில இ20 பெட்ரோல் விற்பனைக்கு வந்தது, 2025-ல நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலப்பு எட்டியாச்சு. வெறும் பெட்ரோல் 1 கிலோ முழுசா எரிய 14.7 கிலோ காற்று வேணும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், அதுக்குள்ளயே ஆக்ஸிஜன் இருக்கு. ரெண்டும் கலந்த இ20-க்கு சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு 8 சதவீதத்துக்கு மேல கூடுதலா எரிபொருள் போகணும். புது வண்டியில ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துச் சொல்லும், ஈ.சி.யூ இன்ஜெக்டரைக் கொஞ்சம் அதிக நேரம் திறந்து வைக்கும். கார்ப்பரேட்டர்ல இருக்கிறது பித்தளையில போட்ட ஓட்டை. பெட்ரோல் மாறிடுச்சுன்னு அதுக்கு யாரும் சொல்லலை. அது பாட்டுக்குப் பழைய அளவுதான் ஊத்தும். காற்று அதிகம், பெட்ரோல் கம்மி. பிளக் வெளுக்காம என்ன செய்யும்?

இந்தக் கணக்கை நான் போட்டது ஹாஸ்டலுக்கு வந்த பிறகு. அண்ணன் கணக்கே போடாம காதால கேட்டே அரைச் சுற்று மூடியிருந்தார். அசந்துட்டேன். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. ஏர் ஸ்க்ரூ வேலை செய்றது ஐட்லிங்லயும், த்ராட்டிலைக் கொஞ்சமா திறக்கிற வரைக்கும்தான். கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரை நீடில், அதுக்கு மேல மெயின் ஜெட். கடையில நின்னு பார்க்கும்போது வண்டி சரியாயிடுச்சு. மே மாச வெயில்ல ரெண்டு பேரை ஏத்திட்டு காரைக்குடி ரோட்டுல போகும்போது அதே வண்டி இன்னும் லீனாத்தான் ஓடும், சூடாகும். பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல்லா இருந்தா இன்னும் மோசம், ஏன்னா அதுக்கு ஆயிலே பெட்ரோலோடதான் போகுது. பெட்ரோல் குறைஞ்சா ஆயிலும் குறையும்.

நான் எத்தனாலுக்கு எதிரி இல்லை. கச்சா எண்ணெய் இறக்குமதி குறையுது, கரும்பும் மக்காச்சோளமும் போடுறவங்களுக்கு ஒரு சந்தை கிடைக்குது. நம்ம மாவட்டத்திலயும் கரும்பு போடுறாங்க. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே, பழைய டிசைன் டூ வீலர்ல மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும்னு சொல்லியிருக்கு. அது மறைச்ச விஷயம் இல்லை. என் கோபம் வேற. அந்த அறிக்கை பி.டி.எஃப்ல இருக்கு, இங்கிலீஷ்ல இருக்கு. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிற கைக்கு அது வந்து சேரலை. பி.எஸ் 6 வந்த 2020 ஏப்ரலுக்கு முன்னாடி நம்ம ஊர்ல வித்த வண்டிகள்ல பெரும்பாலானது கார்ப்பரேட்டர் வண்டி. அதை ஓட்டுறவங்க பால் கேன் கட்டுறவங்க, மீன் கூடை கட்டுறவங்க. புது வண்டி வாங்கிக்கோன்னு அவங்ககிட்ட சொல்ல முடியாது. பிளக் மாத்தி, பங்க்காரரைத் திட்டி, மறுபடி பிளக் மாத்திட்டு இருக்காங்க.

இதைத் தெரிஞ்ச நாம என்ன பண்றோம்? ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா இதை எடுக்கலாம்னு சொன்னேன். "கார்ப்பரேட்டரா? அவுட்டேட்டட்பா, ஈ.வி. பக்கம் ஏதாவது பாருங்க"ன்னு பதில் வந்தது. ஈ.வி. வரட்டும். அதுவரைக்கும் ஓடப்போற வண்டிகளை யார் பார்க்கிறது? எந்த வண்டிக்கு நீடில் கிளிப் எத்தனாவது கோடு, மெயின் ஜெட் எந்த சைஸ்னு, சோதிச்சுப் பார்த்து ஒரே ஒரு பக்கம் தமிழ்ல அடிச்சு, மெக்கானிக் கடைச் சுவர்ல ஒட்டுற வேலைக்கு நாலு வருஷப் படிப்பு தாராளமா போதும். அந்த அண்ணனோட காதும் நம்ம கணக்கும் ஒரே பெஞ்ச்ல உட்காரணும். அவ்வளவுதான் என் கோரிக்கை.

பெரியப்பா வண்டியில இதுவரைக்கும் செஞ்சது: நீடில் கிளிப்பை ஒரு கோடு கீழே இறக்கினோம். கிளிப் இறங்கினா நீடில் ஏறும், பெட்ரோல் கூடும். (முதல் தடவை நான் தலைகீழா மாட்டிட்டேன், வண்டி ராயவரம் வரைக்கும் இருமிட்டே போச்சு.) இப்போ பிளக் லேசா பழுப்பு. ஃபுல் த்ராட்டில்ல மட்டும் இன்னும் இழுவை போதலை. வர்ற சனிக்கிழமை ஒரு சைஸ் பெரிய மெயின் ஜெட் போட்டுப் பார்க்கப் போறோம். வர்றவங்க பிளக் ஸ்பேனர் எடுத்துட்டு வாங்க. அண்ணன்கிட்ட இருக்கிறது ஒன்னே ஒன்னுதான், அதையும் கேட்டா தர மாட்டார்.