அந்தப் பெயர் எந்தக் கொப்பியில் இருக்கிறது?

மோட்டார் ஓட்டப் போட்டிகளுக்கு அனுமதிக் கையெழுத்து வைக்கும் பெரியவர் அவர்களுக்கு,

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். இதற்கு முன் பதிவுத் தபாலில் மூன்று கடிதங்கள் அனுப்பினேன். முதலாவதுக்கு ‘கிடைத்தது’ என்று ஒரு வரி வந்தது. மற்ற இரண்டுக்கும் அதுவும் இல்லை. நாலாவதை எல்லாரும் வாசிக்கட்டும் என்று பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டேன். குறை நினைக்க வேண்டாம்.

விதிகள் உங்களுக்குத் தெரியும். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மாசி மாதம் ஒரு மோட்டார் சைக்கிள் போட்டி. விழுந்து கிடந்த பெடியனைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ‘வேகத்தைக் குறை’ என்ற மஞ்சள் கொடி ஆடிக்கொண்டிருந்தது. ஒருவர் அதற்குள்ளால் முறுக்கிக்கொண்டு போனார். கொடி பிடித்தவன் பள்ளத்துக்குள் பாய்ந்து தப்பினான். அன்றைக்கே ஒரு வருடத் தடை. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், நாங்கள் கைதட்டினோம்.

ஐந்தாவது கிழமை, வேறொரு மாவட்டத்தில், வேறொரு கழகத்தின் போட்டி. அதே ஆள், அதே சைக்கிள், இலக்கம் மட்டும் வேறு. என் மருமகனுக்குப் பக்கத்தில் நின்றார். படிவம் வாங்கும் மேசைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். “அப்பிடி ஒரு பேரும் எங்களிட்ட வரேல்லை அங்கிள்” என்றான் அந்தப் பிள்ளை. அவனில் பிழையில்லை. காசு கட்டியவர்களின் பெயர் அவனிடம் இருந்தது. வரக்கூடாதவரின் பெயரை யாரும் கொடுக்கவில்லை.

இரண்டாவது சுற்றில் மருமகனின் காறையெலும்பு முறிந்தது. இடித்தது அந்த ஆளா என்று கேட்பீர்கள். இல்லை, இவன் தானாகத்தான் வழுக்கி விழுந்தான். இவன் விழுந்து கிடக்க, மஞ்சள் கொடி ஆட, அந்த ஆள் திரும்பவும் அதே வேகத்தில் இவன் தலைமாட்டால் போனார்.

மஞ்சள் எதற்கென்று தியத்தலாவைக்குப் பிறகுமா நான் சொல்ல வேண்டும்? 2024 ஏப்ரல் 21. பொக்ஸ் ஹில் சூப்பர் குரொஸ் போட்டியில் ஒரு கார் புரண்டு கிடந்தது. எச்சரிக்கை விளக்கு எரிந்ததாக இராணுவமே சொன்னது. பின்னால் வந்த இன்னொரு கார் பாதையை விட்டு விலகிச் சனத்துக்குள் புகுந்தது. ஏழு உயிர். அதில் எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று. நான்கு பேர் ஓடுபாதையில் கடமைக்கு நின்ற உதவியாளர்கள். யாரில் பிழை என்பதை நான் தீர்க்க வரவில்லை. அது நீதிமன்றத்தின் வேலை.

என் கேள்வி சின்னது. தியத்தலாவையில் தடை செய்யப்படும் ஒருவர் அடுத்த மாதம் சாலியபுரவிலோ மின்னேரியாவிலோ சிகிரியாவிலோ வந்து நின்றால், அங்கே வாசலில் நிற்பவருக்கு அது எப்படித் தெரியவரும்? ஒவ்வொரு தடமும் ஒவ்வொருவர் கையில். கழகங்களோ ஊருக்கு ஒன்று.

பெயர் பதிவது கஷ்டமான வேலை என்று மட்டும் வன்னிக்காரனிடம் சொல்லாதீர்கள். 2009இல் செட்டிகுளம் அகதி முகாமில் எங்களை எத்தனை தரம் பதிந்தார்கள் என்று எனக்கே கணக்கில்லை. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்று தேய்ந்த கால்கள் இவை. ஒரு கிழவியின் பெயர்கூட ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகும் வழியில் தொலையவில்லை. (ஆட்கள் தொலைந்தார்கள், அது வேறு கதை.) கொடியை மிதித்துக்கொண்டு ஓடுகிறவரின் பெயர் மட்டும் எப்படி ஐயா வழி தவறுகிறது?

கணினி வேண்டாம், குழு வேண்டாம். யார், எதற்காக, எந்தத் திகதிவரை என்று ஒரு தாள். போட்டிக்கு முதல்நாள் எல்லா மேசைக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு நிமிடம் ஆகுமா? தடை முடிந்ததும் பெயரை வெட்டிவிடுங்கள். ஆளை ஆயுளுக்கும் ஒதுக்கச் சொல்லவில்லை.

அந்த ஒரு வருடத் தடை வருகிற மாசியில்தான் முடியும். அடுத்த மாதம் ஒரு போட்டி இருக்கிறது. மருமகனுக்குத் தோள் ஆறிவிட்டது, படிவமும் நிரப்பிவிட்டான்.

இப்படிக்கு,
ஒரு மாமன்,
கிளிநொச்சி.