பழைய செஸ்னாவில் ஒரு டயலை மாற்ற ஏன் இத்தனை பாடு? நிட்டிங் மெஷினும் குட்டி விமானமும்: ஒரு விளக்கம்

திருப்பூரில் ஏதாவது ஒரு நிட்டிங் யூனிட்டுக்குள் போய்ப் பாருங்கள். வெளிநாட்டில் ஓடி முடித்து, யூஸ்டு மெஷினாக இங்கே வந்து இறங்கிய 20, 25 வயது சர்குலர் நிட்டிங் மெஷின் ஒன்றாவது ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் காலையில் அது நின்றுவிடும். "போர்டு போயிருச்சுங்ணா" என்பார் எலக்ட்ரீஷியன். பழைய கம்பெனி போர்டு இப்போது கிடைக்காது. மதியத்துக்குள் ஒரு இன்வெர்ட்டர் டிரைவ், ஒரு சின்ன டிஸ்பிளே, நாலு வயர். சாயந்திரம் துணி ரோல் இறங்கிக்கொண்டிருக்கும்.

1970-களில் செய்த நான்கு சீட் செஸ்னா விமானத்திலும் இதே மாதிரி ஒரு மீட்டர் கெட்டுப்போகும். பேனலில் இருக்கும் ஓட்டையின் அளவு கிட்டத்தட்ட உலகம் முழுக்க ஒன்றுதான், 3⅛ அங்குலம். அதில் அப்படியே பொருந்தும் டிஜிட்டல் மீட்டரும் சந்தையில் இருக்கிறது. ஆனால் மதியத்துக்குள் மாட்டிவிட முடியாது. மாதக்கணக்கில்கூட ஆகலாம். ஏன்?

இந்தக் கேள்விக்கு இப்போது என்ன அவசரம்? 2025 செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்த புது ஜிஎஸ்டி பட்டியலைத் திருப்பூர் வரி விடாமல் படித்தது. 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 என்ற வரிதான் இங்கே எல்லோர் கண்ணிலும் பட்டது. அதே பட்டியலில் இன்னொரு வரியும் இருந்தது: சொந்த உபயோகத்துக்கான விமானம், ஹெலிகாப்டருக்கு 40 சதவீதம். முன்பு 28 சதவீத ஜிஎஸ்டியும் 3 சதவீத செஸ்ஸும் இருந்தது. புது விமானம் வாங்குவது இன்னும் காஸ்ட்லி ஆகிவிட்டால், இருக்கிற பழசை ஓட்டுவதுதான் வழி. பழசை ஓட்டினால் அதன் மீட்டர்களைப் பற்றிப் பேசித்தான் ஆகவேண்டும்.

ஆறு டயல், ஒரு பம்ப்

பழைய குட்டி விமானத்தின் பைலட் முன்னால் முக்கியமாக ஆறு வட்டங்கள் இருக்கும். மூன்று, காற்றழுத்தத்தை வைத்து வேலை செய்பவை: வேகம், உயரம், ஏறும் இறங்கும் வேகம். மற்ற மூன்றும் கைரோ, அதாவது வேகமாகச் சுற்றும் பம்பரம். இறக்கை சாய்ந்திருக்கிறதா, மூக்கு மேலே இருக்கிறதா, எந்தத் திசையில் போகிறோம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்பதை இவை காட்டும்.

சிக்கல் பெரும்பாலும் இந்தப் பம்பரங்களில்தான். பல பழைய விமானங்களில் சாய்வு காட்டும் கைரோவும் திசை காட்டும் கைரோவும் மின்சாரத்தில் சுற்றுவதில்லை. இன்ஜினோடு இணைந்த ஒரு வேக்யூம் பம்ப் காற்றை உறிஞ்சும், அந்தக் காற்றோட்டம் பம்பரத்தைச் சுற்றும். பம்புக்குள் இருப்பது கார்பன் பிளேடுகள். தேய்ந்துகொண்டே வரும். ஒருநாள் சத்தமில்லாமல் உடைந்து தூளாகிவிடும்.

நிட்டிங் மெஷினில் ஊசி உடைந்தால் துணியில் கோடு விழும், உடனே தெரியும். இதில் அப்படி இல்லை, அதுதான் பயம். காற்று நின்றதும் பம்பரம் உடனே நின்றுவிடாது. மெல்ல மெல்ல வேகம் குறைந்து, மெல்ல மெல்ல சாயும். மேகத்துக்குள், அல்லது இரவில், வெளியே எதுவும் தெரியாத பைலட் அந்தச் சாய்வை உண்மை என்று நம்பி விமானத்தை மறுபக்கம் சாய்ப்பார். நம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் அந்த நேரத்தில் பொய்தான் சொல்லும். எது மேல், எது கீழ் என்றே தெரியாமல் போய்விடும்.

2000 அக்டோபர் 16 இரவு அமெரிக்காவில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். மிசௌரி மாநில கவர்னர் மெல் கார்னஹான் செனட் தேர்தல் பிரசாரத்துக்காக செஸ்னா 335 என்ற இரட்டை இன்ஜின் குட்டி விமானத்தில் போனார். ஓட்டியவர் அவர் மகன். மோசமான வானிலை. பைலட் பக்கத்து ஆட்டிட்யூட் இண்டிகேட்டர், அதாவது சாய்வு காட்டும் மீட்டர், வேலை செய்யவில்லை. அதே மாதிரி இன்னொன்று வலது சீட் பக்கம் இருந்தது. இருட்டில் தலையைத் திருப்பித் திருப்பி அதைப் பார்த்து ஓட்டவேண்டிய நிலை. விமானம் விழுந்து, இருந்த மூவரும் இறந்தார்கள். திசையறிவு இழப்பே காரணம், மீட்டர் கெட்டதும் வானிலையும் அதற்குத் துணைபோயின என்று அமெரிக்க விபத்து விசாரணை வாரியமான என்டிஎஸ்பி சொன்னது. மூன்று வாரம் கழித்து நடந்த தேர்தலில் இறந்துபோன கார்னஹானே ஜெயித்தார்.

சரி, புது மீட்டரை மாட்டிவிட வேண்டியதுதானே?

பொருள் அல்ல, டிசி

இங்கேதான் திருப்பூர்க்காரர்களுக்கு மற்றவர்களைவிட வேகமாகப் புரியும். ஆர்கானிக் காட்டன் ஆர்டர் எடுத்த கம்பெனிகளைக் கேட்டுப் பாருங்கள். ஆர்கானிக் நூலும் சாதா நூலும் கையில் தொட்டால் ஒன்றுதான். ஆனால் ஸ்பின்னிங் மில்லில் இருந்து நிட்டிங், டையிங், தையல் வரை ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் டிரான்சாக்‌ஷன் சர்டிபிகேட், அதாவது 'டிசி' வரவேண்டும். நடுவில் ஒன்று விடுபட்டால் பையர் அதை ஆர்கானிக் என்று ஏற்கமாட்டார். சரக்கு அதேதான். விலை மட்டும் விழுந்துவிடும்.

விமான பாகமும் அப்படியே. ஒரு ஆல்டிமீட்டர் புதிதாக இருந்தாலும், சர்வீஸ் செய்து வந்ததாக இருந்தாலும், அங்கீகாரம் பெற்ற இடத்தின் ரிலீஸ் சர்டிபிகேட் கூடவே வரவேண்டும். இந்தியாவில் அது சிஏ ஃபார்ம் 1. ஐரோப்பாவில் ஈஏஎஸ்ஏ ஃபார்ம் 1. அமெரிக்காவில் 8130-3. பேப்பர் இல்லாத மீட்டர், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், விமானத்துக்குப் பழைய இரும்புதான்.

இது பாகத்துக்கான பேப்பர். இன்னொன்று, மாற்றத்துக்கான பேப்பர். ஒரு மாடல் விமானம் முதன்முதலில் சான்று பெறும்போது அதற்குள் என்னென்ன இருக்கும் என்பதும் சேர்ந்தேதான் சான்றாகிறது. அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றை மாட்டுவதென்றால் பெரும்பாலும் எஸ்டிசி என்ற துணைச் சான்று வேண்டும். இந்த மீட்டரை இந்த மாடலில் இப்படி மாட்டினால் பாதுகாப்பானது என்று யாராவது ஒருவர் செலவழித்து நிரூபித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் அந்தச் சான்று ஏற்கெனவே இருந்தாலும், விடி என்று தொடங்கும் இந்தியப் பதிவு எண் உள்ள விமானத்தில் மாட்ட டிஜிசிஏ அதை ஏற்கவேண்டும்.

மாட்டிய பிறகும் வேலை முடியாது. பழைய மீட்டர், பம்ப், குழாய் எல்லாம் கழற்றினால் விமானத்தின் எடையும் எடை மையமும் மாறும், அதைத் திரும்பக் கணக்குப் போடவேண்டும். பக்கத்தில் புது எலக்ட்ரானிக்ஸ் வந்தால் காந்தத் திசைகாட்டி தப்பாகக் காட்டலாம். அதனால் விமானத்தைத் தரையில் ஒவ்வொரு திசைக்கும் திருப்பி நிறுத்திச் சரிபார்க்க வேண்டும், இதற்குப் பெயர் காம்பஸ் ஸ்விங். கடைசியில் லாக் புக்கில் பதிவு, லைசென்ஸ் உள்ள இன்ஜினீயரின் கையெழுத்து. தரமான மெக்கானிக் வேலையாக இருந்தாலும், கையெழுத்து இல்லாவிட்டால் விமானம் நகரக்கூடாது.

இதெல்லாம் வெறும் சர்க்கார் கெடுபிடி என்று தோன்றலாம். லண்டனைச் சேர்ந்த ஏஓஜி டெக்னிக்ஸ் விவகாரத்தைப் பாருங்கள். உலகம் முழுக்கப் பயணிகள் விமானங்களில் ஓடும் சிஎஃப்எம்56 இன்ஜினுக்கான பாகங்களை அந்த நிறுவனம் போலிச் சான்றிதழோடு விற்றது 2023-ல் வெளியே வந்தது. பல நாட்டு ஏர்லைன்கள் இன்ஜினைத் திறந்து பாகத்தைத் தேடி எடுக்கவேண்டி வந்தது. பாகம் நல்லதா, கெட்டதா என்பது அடுத்த கேள்வி. எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை என்பதுதான் அவர்களை நடுங்க வைத்தது.

பாதுகாப்பே பாதுகாப்புக்குத் தடையாகும்போது

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு, அதுவும் நியாயமானதே. செஸ்னா 172 முதலில் பறந்தது 1955-ல். இதுவரை 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். விபத்து வழக்குகளின் இழப்பீட்டுச் சுமை தாங்காமல் 1986-ல் செஸ்னா கம்பெனி தன் குட்டி பிஸ்டன் விமானங்களின் தயாரிப்பையே நிறுத்தியது. 1994-ல் அமெரிக்கா சட்டத்தைத் திருத்தியது, 1996-ல்தான் திரும்ப ஆரம்பித்தார்கள். பத்து வருட இடைவெளி. உலகில் இன்றும் பறக்கும் குட்டி விமானங்களில் பெரும்பகுதி பழசாக இருக்க இதுவும் ஒரு காரணம்.

இந்தக் காலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. வீட்டு ஷெட்டில் தானே விமானம் கட்டி ஓட்டுபவர்களுக்கு அமெரிக்காவில் விதி தளர்வு. அவர்கள் மலிவான டிஜிட்டல் ஸ்கிரீனை மாட்டிக்கொண்டார்கள். சுழலும் பாகம் இல்லை, பம்ப் தேவையில்லை, கரண்ட் போனால் பேட்டரி. முறையாகச் சான்று பெற்ற செஸ்னா வைத்திருந்தவரோ அதை மாட்ட முடியாமல், தேய்ந்துபோன பம்பையே திரும்ப வாங்கிப் போட்டார். பாதுகாப்புக்காகப் போட்ட விதி, பாதுகாப்பான மீட்டரைத்தான் வெளியே நிறுத்தியது.

2016-ல் அமெரிக்க விமான நிர்வாகமான எஃப்ஏஏ இறங்கி வந்தது. அந்த ஏப்ரலில், வீட்டில் கட்டும் விமானங்களுக்காகச் செய்த டைனான் டி10ஏ என்ற குட்டி ஸ்கிரீனைச் சில பழைய செஸ்னா, பைப்பர் விமானங்களில் மாட்ட அனுமதி கிடைத்தது. விண்ணப்பித்து வாங்கியது இஏஏ என்ற ஆர்வலர் சங்கம். சில மாதங்களில் கார்மின் கம்பெனியின் ஜி5 வந்தது, விலை சுமார் 2,150 டாலர், நான்கு மணி நேர பேட்டரி. 2020-ல் வந்த ஜிஐ 275, பழைய ஓட்டைக்குள்ளேயே உட்காரும் வட்ட ஸ்கிரீன்.

இந்தியாவில் நிலைமை கலவையாக இருக்கிறது. விமான பாகங்களுக்கு முன்பு பொருளுக்குப் பொருள் வேறு வேறு வரி. 2024 ஜூலை 15 முதல் இறக்குமதிக்கு ஒரே மாதிரி 5 சதவீத ஐஜிஎஸ்டி. அதாவது விமானத்துக்கு 40, பாகத்துக்கு 5. வரி அமைப்பே பழசைச் சரிசெய்து ஓட்டு என்று சொல்வது மாதிரிதான். ஆனால் சரிசெய்யும் இடம்? திருப்பூரில் இருந்து காரில் கிளம்பினால் சூலூர் வந்துவிடும். அங்கே விமானப்படையின் 5-வது பேஸ் ரிப்பேர் டிப்போ இருக்கிறது, ஆனால் தனியார் விமானத்துக்கு அல்ல. பீளமேட்டில் 1940 முதல் விமான நிலையம் இருக்கிறது. தமிழ்நாட்டில் தனியார் பராமரிப்புத் தொழிலுக்குப் பெயர்பெற்ற இடம் ஓசூர் பக்கத்து பேளகொண்டப்பள்ளி. டனேஜா ஏரோஸ்பேஸின் ஓடுபாதை அங்கேதான், ஏர் ஒர்க்ஸ் நிறுவனத்தின் பராமரிப்பு மையமும் அங்கேதான். அந்த ஏர் ஒர்க்ஸை வாங்குவதாக 2024 டிசம்பரில் அதானி குழுமம் அறிவித்தது. பெரிய பணம் போவது பயணிகள் விமானத்துக்கும் ராணுவ விமானத்துக்கும். நான்கு சீட் செஸ்னா அந்த வரிசையில் கடைசியில்தான் நிற்கும்.

பழசை முழுக்கக் கழற்றலாமா?

எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பெரிய டச் ஸ்கிரீன் மாட்டினால் விபத்து குறையும் என்று நினைப்பது இயல்பு. என்டிஎஸ்பி 2010-ல் வெளியிட்ட ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. 2002 முதல் 2006 வரை செய்யப்பட்ட 8,000-க்கும் அதிகமான குட்டி விமானங்களை ஒப்பிட்டார்கள். ஸ்கிரீன் உள்ள விமானங்களில் மொத்த விபத்து விகிதம் குறைவு. உயிரிழப்பு விபத்து விகிதம் அதிகம். ஸ்கிரீன் விமானங்கள் நீண்ட தூரம், மோசமான வானிலையில் அதிகம் பறந்தது ஒரு காரணம். ஒவ்வொரு ஸ்கிரீனும் ஒவ்வொரு மாதிரி பழுதாகும், அதற்கான பயிற்சி பைலட்டுக்கு இல்லை என்பதையும் வாரியம் சுட்டிக்காட்டியது. ஆறு டயலில் பழகியவருக்கு எது பொய் சொல்கிறது என்று மற்ற ஐந்தை வைத்துக் கண்டுபிடிக்கத் தெரியும். ஸ்கிரீனில் அதையே வேறு விதமாகக் கற்கவேண்டும்.

இன்னொன்று ஜிபிஎஸ். பொய்யான சிக்னல் அனுப்பி விமானத்தைக் குழப்பும் ஸ்பூஃபிங் இந்தியாவில் இனி எல்லை மாநில விஷயம் மட்டும் அல்ல. 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை எல்லைப் பகுதியில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பக்கம், 465 ஜிபிஎஸ் இடையூறுகள் பதிவானதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. 2025 டிசம்பரில் சொன்ன பதிலில் டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத்தோடு சென்னை பெயரும் வந்தது. அதனால்தான் தரையில் இருக்கும் பழைய ரேடியோ வழிகாட்டிகளை முழுக்க மூடாமல், குறைந்தபட்சமாகவாவது வைத்திருப்பதாக அரசு சொல்கிறது.

அந்த ரேடியோ சிக்னலைப் பிடிக்கும் விஓஆர் ரிசீவர் பல பழைய செஸ்னாக்களில் ஏற்கெனவே இருக்கிறது. பேனலைப் புதுப்பிக்கும்போது எடையைக் குறைக்கலாம் என்று முதலில் கழற்றத் தோன்றுவதும் அதைத்தான். ஜிபிஎஸ் தடுமாறும் காலத்தில் அதை விட்டுவைப்பது கஞ்சத்தனம் ஆகாது.

கண்டிப்பாகக் கழற்றவேண்டிய பழசும் ஒன்று உண்டு. விமானம் விழுந்தால் தானாக அபாய சிக்னல் அனுப்பும் இஎல்டி பெட்டி. பழைய பெட்டிகள் 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கத்தும். அதைச் செயற்கைக்கோள்கள் கேட்பதை 2009 பிப்ரவரி 1-ல் நிறுத்திவிட்டார்கள். இப்போது கேட்பது 406 மட்டும்தான். பழைய பெட்டியில் பேட்டரி மாற்றி, டெஸ்ட் பட்டனை அழுத்தினால் இன்றும் வேலை செய்யும். ஆனால் மேலே அதைக் கேட்கும் செயற்கைக்கோள் இல்லை. பக்கத்தில் பறக்கும் ஏதாவது ஒரு விமானம் அந்த அலைவரிசையைத் திறந்து வைத்திருந்தால்தான் உண்டு.