வடக்கு மாகாண சபைக்குத் தேர்தல் வேண்டும்: வெளியுறவு அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

கல்மண்டபம், இராயபுரம்,
சென்னை.

பெருமதிப்பிற்குரிய இந்திய வெளியுறவு அமைச்சர் அவர்களுக்கு,

1990 மார்ச்சில், இலங்கையில் ஏறத்தாழ 1,200 வீரர்களைப் பலிகொடுத்துவிட்டு இந்திய அமைதிப்படையின் கடைசிப் பிரிவினர் வந்திறங்கிய துறைமுகம் எங்கள் பகுதிக்கு அருகிலேயே இருக்கிறது. அவர்களை வரவேற்க அன்றைய முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. அப்படையினரால் ஈழத்தமிழர் பட்ட துன்பம் தமிழகத்தின் நெஞ்சில் அத்துணை ஆழமாகத் தைத்திருந்தது. இத்தனை இழப்புக்கும் பின்னர் இலங்கையில் இந்தியா மேற்கொண்ட முயற்சியில் எஞ்சி நின்ற ஸ்தாபனம் ஒன்றே. அதுதான் மாகாண சபை.

1987 ஜூலை 29 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜயவர்த்தனாவும் கைச்சாத்திட்ட உடன்படிக்கையின் விளைவாக, இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் அது பிறந்தது. மறு ஆண்டு நவம்பரில் நம் படையின் நிழலிலேயே தேர்தல் நடந்து, வரதராஜப் பெருமாள் தலைமையில் அமைந்த, அப்போது இணைந்திருந்த வடகிழக்கு மாகாண ஆட்சி, அப்படை கப்பலேறியதும் நிலைகுலைந்தது. யுத்தத்தால் பிளவுண்ட தேசத்தில் அந்நியர் ஒரு ராஜ்யத்தை நிர்மாணித்துக் கொடுத்துவிட இயலாது என்பதற்கு இதைவிடக் கசப்பான பிரமாணம் நமக்கு வேண்டியதில்லை. போஸ்னியாவில், 1995 டேட்டன் உடன்படிக்கைக்குப் பின், மக்கள் தேர்ந்தெடுத்தவர்களையே பதவி நீக்கும் அதிகாரம் படைத்த சர்வதேசப் பிரதிநிதி ஒருவர் அமர்த்தப்பட்டும், அங்குள்ள மூன்று சமூகங்களும் இன்றுவரை மனம் ஒன்றவில்லை. ஆகவே, தாங்கள் இலங்கையை ஆளவேண்டும் என்று நான் விண்ணப்பிக்கவில்லை.

நான் சுட்ட விரும்புவது 2013 செப்டம்பர் 21ஆம் நாளை. உள்நாட்டுப் போர் முடிவுற்ற முள்ளிவாய்க்காலின் பேரழிவு கழிந்து நான்கே ஆண்டுகளில், சுற்றிலும் ராணுவ முகாம்கள் சூழ்ந்திருக்க, வடக்கு மாகாண மக்கள் வாக்குச் சாவடிகளுக்கு வந்து, 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு அளித்தனர், விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். காணி அதிகாரமும் காவல் அதிகாரமும் சட்டத்தில் இருந்தும் கைக்கு வராமையால் அச்சபை சாதித்தவை சொற்பமே. எனினும் அது எந்தப் படையும் நட்டுவைத்த சபையன்று. அம்மக்கள் தாமாகவே எழுப்பிக்கொண்டது. அந்த வேறுபாட்டைத்தான் தங்கள் அமைச்சகம் நெஞ்சில் நிறுத்தவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

2018 அக்டோபரில் அதன் பதவிக்காலம் முடிந்தது. அன்றுமுதல் ஜனாதிபதி நியமித்த ஆளுநரே நிர்வாகம் நடத்தலானார். 2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் இயற்றிய கொழும்புப் பாராளுமன்றம், அம்முறைக்கு இன்றியமையாத எல்லை நிர்ணய அறிக்கையை மறு ஆண்டே நிராகரித்தமையால், பழைய முறைக்குச் சட்டமும் புதிய முறைக்குத் தொகுதியும் இல்லாத முட்டுக்கட்டை விளைந்தது. ஒரு சிறு திருத்தச் சட்டத்தால் பழைய முறையை மீட்டால் அது தீரும். 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் 225 இடங்களில் 159ஐ வென்ற ஆளுங்கட்சிக்கு அது அரிய காரியமன்று.

போரில் வீடிழந்தோருக்கும் மலையகத் தோட்டத் தொழிலாளருக்கும் இந்தியா பல்லாயிரம் வீடுகள் கட்டிக்கொடுத்ததையும், 2022இன் பொருளாதார நெருக்கடியில் ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்ததையும் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் இதோ எங்களுக்கு வடக்கே கும்மிடிப்பூண்டி இலங்கை அகதிகள் முகாமில் ஒரு தலைமுறைக்கு மேல் காத்திருக்கும் குடும்பம் ஊர் திரும்ப எண்ணினால், ராணுவம் வேலியிட்ட தன் காணியைப் பற்றி எவரிடம் போய் முறையிடும்? அம்மக்களுக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்ட பிரதிநிதி ஒருவர் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இருந்தாக வேண்டும்.

2025 ஏப்ரலில் நம் பிரதமர் கொழும்பில் நின்று மாகாண சபைத் தேர்தல் நடக்குமென்று தம் நம்பிக்கையைத் தெரிவித்தார். உடன்படிக்கையில் கையெழுத்திட்ட தேசம் நம்பிக்கை தெரிவிப்பதோடு அமையலாகாது. தாங்கள் அடுத்து இலங்கை வெளியுறவு அமைச்சரைச் சந்திக்கும்போது, தேர்தலுக்கு நாளொன்று குறிக்கும்படி கேளுங்கள். அவர் தரும் மறுமொழியை நம் பாராளுமன்றத்தில் பகிரங்கமாக எடுத்துரையுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
கல்மண்டபத்துக் குடிமகன் ஒருவன்