யட்சியின் முதுகு

பாலக்காட்டுக்குப் பக்கத்தில், மலம்புழா அணைக்கட்டுப் பூங்காவில், கால்களை அகட்டி, முகத்தை மேலே தூக்கியபடி உட்கார்ந்திருக்கிறாள் யட்சி. சுமார் 30 அடி உயரம். உடம்பில் பொட்டுத் துணி கிடையாது. 1969-ல் கானாயி குஞ்ஞிராமன் இந்த கான்கிரீட் சிற்பத்தைச் செய்தபோது உள்ளூரில் எதிர்ப்பு பலமாகவே இருந்தது. கோயில் தூணில் இருக்கும் யட்சிகளும் இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்பதில்லை. ஆனால் அது கோயில், இது பூங்கா!

இன்றைய காசர்கோடு மாவட்டத்தைச் சேர்ந்த குஞ்ஞிராமன் சிற்பம் படித்தது சென்னை ஓவியக் கல்லூரியில். பிறகுதான் லண்டனின் ஸ்லேட் பள்ளி. சென்னையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி (மெரினாவின் உழைப்பாளர் சிலை அவருடையது) உருவாக்கிய பயிற்சி முறை, கே.சி.எஸ். பணிக்கர், தனபால் காலத்திலும் தொடர்ந்தது.

அங்கே மாணவன் முதலில் கற்பது அழகை அல்ல, கம்பி கட்டுவதை. களிமண் தன் எடையைத் தானே தாங்காது. உள்ளே இரும்புக் கம்பியில் எலும்புக்கூடு வேண்டும். அது கோணினால், மேலே எவ்வளவு நேர்த்தியாக மண்ணை அப்பினாலும், ஈரத்துணி போர்த்திவிட்டுப் போன சிலை மறுநாள் காலை தோள் சரிந்து நிற்கும். அடுத்தது மாடல். ஒருவர் மேடையில் நிற்க, மாணவர்கள் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கவேண்டும். எடை எந்தக் காலில்? அந்தப் பக்கம் இடுப்பு உயரும், தோள் தாழும். ஆடையில்லாத உடம்பு முதல் நாள் கூச்சம் தரும். ஒரு வாரத்தில் அது எடையும் சமநிலையும் பற்றிய கணக்காகிவிடும்.

1957-ல் மாமல்லபுரத்தில் தொடங்கப்பட்ட சிற்பப் பயிற்சிக் கூடம் (இப்போது கல்லூரி) வேறு வழியில் போகிறது. மேடையேறும் மாடலுக்குப் பதில் அங்கே தாளம். முகத்தின் நீளத்தை அடிப்படையாகக் கொண்ட அளவுமுறை இது. உத்தம தச தாளத்தில் முழு உருவம் 124 அங்குலம் (கடைத் தெருவில் வாங்கும் ஸ்கேலின் அங்குலம் அல்ல, அந்தச் சிலையை வைத்தே வகுத்துக்கொள்ளும் பாகம்). கோடுகள் கைக்குப் பழகிய பிறகே உளி. களிமண்ணில் தவறினால் மறுபடி அப்பலாம். கல்லில் போன மூக்கு போனதுதான்.

கான்கிரீட்டுக்கு இரண்டு குணமும் உண்டு. மண்ணைப்போல அப்பலாம், சில மணி நேரத்தில் கல்லாகிவிடும். தயங்க நேரமில்லை. வகுப்பறையில் மாடலைச் சுற்றி வந்த கண்கள் அந்த வேலைக்கு அவசியம். 30 அடி உருவத்தின் காலடியில் நிற்பவருக்கு முழு உடம்பும் ஒருசேரத் தெரியாது.

எதிர்ப்பு ஓய்ந்தது. 2019-ல் யட்சிக்கு 50 வயது நிறைந்தது. பூங்காவுக்கு வருகிறவர்கள் அவள் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். சிற்பம் படிக்கும் பிள்ளைகள் பின்பக்கமும் போகவேண்டும். அத்தனை கான்கிரீட்டின் எடையும் எங்கே இறங்கி உட்கார்ந்திருக்கிறது என்பதை முதுகும் இடுப்பும்தான் காட்டும்.